லினக்ஸ் கெர்னலில் பக்கப் பதுக்ககக் கையாளுகையை எளிமையாக்குதல்: பொறுப்பை ஓரிடத்தில் நிறுத்திய மாற்றங்கள்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் ஒரு கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் தரவு பெரும்பாலும் வட்டிலிருந்து நேரே வருவதில்லை. வட்டிற்கு நேரே செல்வதுமில்லை. இயக்க அமைப்பின் கெர்னல், நினைவகத்தில் பேணும் பக்கப் பதுக்ககத்தின் வழியாகவே இப்போக்குவரத்து நிகழ்கிறது. லினக்ஸ் கெர்னலில் இப்பதுக்ககத்தைக் கையாளும் பொறுப்பின் பெரும்பகுதி நெடுங்காலம் தனித்தனிக் கோப்பு முறைமைகளிடம் பிரிந்து கிடந்தது. ஒரே விதியைப் பலரும் பல இடங்களில் எழுதியதால் நிரல் பெருகியது. அதைவிட முக்கியமாக, சிலர் எழுதத் தவறிய இடங்களில் பயனரின் தரவு அழியும் வாய்ப்பு உருவாயிற்று. 2016 முதல் நிகழ்ந்த முதன்மையான சில மாற்றங்களை எடுத்துக்கொண்டு, அவை எதை எளிமையாக்கின, எவ்வாறு எளிமையாக்கின, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நிரல்வரிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஒரு விதிக்கு எத்தனை பொறுப்பாளர்கள் உள்ளனர் என்பதே எளிமையின் உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: லினக்ஸ், கெர்னல், கோப்பு முறைமை, பக்கப் பதுக்ககம், ஐயோமேப், ஃபோலியோ, தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

ஒரு நிரல் கோப்பில் எழுதி, 'எழுதி முடிந்தது' என்னும் விடையைப் பெற்றுவிட்டால் தரவு வட்டில் பதிந்துவிட்டது எனப் பலரும் கருதுவர். உண்மையில் அவ்விடை, தரவு நினைவகத்திலுள்ள ஓர் இடைநிலைச் சேமிப்பை அடைந்துவிட்டது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் பேஜ் கேஷ் எனப்படும் இச்சேமிப்பை, 'பதுக்கு நினைவகம்' என்னும் வழக்கையொட்டிப் பக்கப் பதுக்ககம் என இக்கட்டுரை வழங்குகிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில், திருத்தப்பட்ட ஒரு பக்கம் ஏறத்தாழ 30 விநாடி பழையதான பின்னரே வட்டிற்கு எழுதத் தகுதி பெறுகிறது. இவ்வாறு தகுதி பெற்றவை உள்ளனவா என்பதைக் கெர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. இடைப்பட்ட காலத்தில் அத்தரவின் புதிய வடிவம் பதுக்ககத்தில் மட்டுமே வாழ்கிறது. ஆகவே பதுக்ககத்தைக் கையாளும் நிரலில் நேரும் ஒரு சிறு பிழையும் வேகக்குறைவு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. ஒருவருடைய ஆய்வுத் தரவோ வங்கிக் கணக்கோ அறிவிப்பின்றி மாறிப்போகும் அளவிற்குச் செல்லக்கூடும்.

இயக்க அமைப்பு குறித்த பாடநூல்கள் பதுக்ககத்தின் பயனை விரிவாகக் கூறுகின்றன. மாரிஸ் பாக் 1986இல் வெளியிட்ட யூனிக்ஸ் வடிவமைப்பு நூல், அக்காலப் பதுக்ககத்திற்குத் தனி இயலே ஒதுக்கியது. ஆயினும், அந்தப் பொறுப்பைக் கெர்னலுக்குள் யார் ஏற்பது என்னும் வினா பாடநூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

1. பக்கப் பதுக்ககம்: அமைப்பும் பணியும்

பெரும்பாலான கணினிகளில் நினைவகம் 4096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் பற்றிய செய்திகளை வைத்திருக்க 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்னும் தரவுக் கட்டுரு ஒன்று உண்டு. 64 பிட் கணினிகளில் இதன் வழக்கமான அளவு 64 பைட். 16 ஜிபி நினைவகத்தில் 41,94,304 பக்கங்கள் உள்ளன. அவற்றுக்கான கட்டுருக்கள் மட்டும் 256 எம்பி இடத்தைக் கொள்கின்றன. அதாவது, நினைவகத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, நினைவகத்தைப் பற்றிய குறிப்பேட்டுக்கே செலவாகிறது.

ஒரு கோப்பின் எந்தப் பகுதி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை ஒவ்வொரு கோப்பிற்கும் தனியே பேணப்படுகிறது. 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20ஆம் பதிப்பிலிருந்து இவ்வட்டவணை 'எக்ஸ்-அரே' என்னும் அமைப்பில் உள்ளது. பக்கம் ஒவ்வொன்றுக்கும் சில நிலைக்குறிகள் உண்டு: அதிலுள்ள தரவு செல்லத்தக்கது, அது திருத்தப்பட்டுள்ளது, வட்டிற்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, பூட்டப்பட்டுள்ளது என்பன முதன்மையானவை. இக்குறிகளை உரிய வரிசையில் இடுவதும் நீக்குவதுமே பக்கப் பதுக்ககக் கையாளுகையின் உயிர்நிலை எனலாம்.

தொடக்கத்தில் லினக்ஸில் இரு பதுக்ககங்கள் இருந்தன. ஒன்று கோப்பின் பக்கங்களை வைத்திருந்தது. மற்றொன்று வட்டின் பிளாக்குகளை வைத்திருந்தது. ஒரே தரவு இரு படிகளாக நினைவகத்தில் இருந்து, ஒன்று மாறும்போது மற்றொன்றையும் மாற்ற வேண்டிய நிலை இருந்தது. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4ஆம் பதிப்பு கோப்புத் தரவைப் பக்கப் பதுக்ககத்திலேயே நிறுத்தி, பிளாக் பற்றிய குறிப்புகளை அப்பக்கத்தைச் சுட்டும் 'பஃபர் ஹெட்' கட்டுருக்களாகக் குறுக்கியது. ஒரே தரவுக்கு ஒரே இருப்பிடம் என்னும் இம்முடிவு, பின்வந்த எளிமையாக்கங்களுக்கு முன்னோடியாகும்.

2. சிக்கலின் தோற்றம்

ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது கெர்னலுக்குள் நிகழ வேண்டியவற்றைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

(அ) எழுதவிருக்கும் இடத்திற்குரிய பக்கத்தைப் பதுக்ககத்தில் தேடுதல், இல்லையெனில் புதிதாகச் சேர்த்தல், அதைப் பூட்டுதல்.
(ஆ) அப்பக்கத்திற்கு வட்டில் இடம் உள்ளதா எனப் பார்த்தல், இல்லையெனில் ஒதுக்குதல்.
(இ) பக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே எழுதப்படுமாயின், எஞ்சிய பகுதியின் பழைய தரவை வட்டிலிருந்து கொணர்தல்.
(ஈ) பயனரின் தரவைப் பக்கத்திற்குள் படியெடுத்தல்.
(உ) தரவு செல்லத்தக்கது எனவும் பக்கம் திருத்தப்பட்டது எனவும் குறித்தல்.
(ஊ) கோப்பின் நீளம் கூடியிருந்தால் அதைப் பதிதல்.
(எ) பூட்டைத் திறந்து, பக்கத்தின் மீதான பிடியை விடுதல்.

இவ்வேழு படிகளில் கோப்பு முறைமைக்குக் கோப்பு முறைமை உண்மையிலேயே வேறுபடுவது (ஆ) மட்டுமே. (ஊ) ஓரளவு வேறுபடும். ஏனைய யாவும் எங்கும் ஒன்றே. ஆனால் பழைய இடைமுகத்தில் 'ரைட்-பிகின்', 'ரைட்-எண்ட்' என்னும் இரு செயற்கூறுகளைக் கோப்பு முறைமை வழங்க வேண்டும்; (ஈ) தவிர்த்த பிற படிகள் யாவும் அவற்றினுள் அடங்கும். பொதுவான உதவிச் செயற்கூறுகள் இருந்தன என்பது உண்மையே. எனினும், அவை பொருந்தாத கோப்பு முறைமைகள் அவற்றைப் படியெடுத்துச் சிறிது மாற்றிப் பயன்படுத்தின. காலப்போக்கில் மூலத்தில் திருத்தப்பட்ட பிழை படிகளில் திருத்தப்படாமல் நின்றது.

இதனால் நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 4096 பைட் எழுதுமாறு கேட்கப்பட்டு, பயனரின் நினைவகப் பகுதி அப்போது கிடைக்காததால் 1000 பைட் மட்டுமே படியெடுக்கப்பட்டது எனக் கொள்வோம். முழுப் பக்கமும் எழுதப்படும் என்ற எண்ணத்தில் (இ) தவிர்க்கப்பட்டிருக்கும். இப்போது பக்கத்தின் எஞ்சிய 3096 பைட்டில் இருப்பது எதுவென்று தெரியாத பழைய நினைவகத் துணுக்கு. இந்நிலையில் பக்கத்தைச் செல்லத்தக்கது எனக் குறித்துவிட்டால், வேறொரு நிரலின் மறைவான தரவு இக்கோப்பின் வழியே வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒரு பைட்டும் எழுதப்படவில்லை எனக் கொண்டு மீண்டும் தொடங்குவதே முறை. இந்நுண்ணிய விதியை ஒவ்வொரு கோப்பு முறைமையின் ஆசிரியரும் தனித்தனியே நினைவில் வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதே சிக்கலின் வேர்.

3. நிறைவேறாத வாக்குறுதியை நீக்குதல்

எளிமையாக்கம் எப்போதும் புதியதொன்றைச் சேர்ப்பதாக அமைய வேண்டியதில்லை. கெர்னலில் 'பேஜ்-சைஸ்' என்பதோடு 'பேஜ்-கேஷ்-சைஸ்' என்னும் மாறிலியும் நெடுங்காலம் இருந்துவந்தது. நினைவகப் பக்கத்தைவிடப் பெரிய அலகுகளில் பதுக்ககத்தை அமைக்கும் நாள் வரும் என்ற நம்பிக்கையில் இட்ட பெயர் அது. அந்நாள் வராமலே ஆண்டுகள் கடந்தன. இரு மாறிலிகளின் மதிப்பும் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பதில் நிரலாளர்களிடையே தெளிவில்லை. இரண்டும் ஒன்றே என்பதால் தவறான பயன்பாடும் சோதனையில் வெளிப்படவில்லை.

2016 மே மாதம் வெளிவந்த 4.6ஆம் பதிப்பில் கிரில் ஷூட்டமோவ் இவ்விரண்டாம் மாறிலியைக் கெர்னல் முழுவதிலும் நீக்கினார். இம்மாற்றம் கெர்னலின் செயலில் எந்த வேறுபாட்டையும் விளைவிக்கவில்லை. படிப்பவரின் மனத்தில் இருந்த ஒரு பொய்யான வேறுபாட்டை மட்டும் அகற்றியது. பெரிய அலகு என்னும் அதே கருத்து ஆறாண்டுகளுக்குள் ஃபோலியோ என்னும் பெயரில் வேறு வடிவத்தில் நிறைவேறியது என்பது இங்குக் கருதத்தக்கது. எதிர்காலத் தேவையை முன்னிட்டு இன்று இட்ட பெயர் அத்தேவைக்கு உதவவில்லை. அதை நீக்கிய பின்னரே சரியான வடிவத்திற்கு இடம் கிடைத்தது.

4. முன்படிப்பு: பக்கங்களைச் சேர்ப்பது யார்?

ஒரு கோப்பு தொடர்ச்சியாகப் படிக்கப்படுகிறது எனத் தெரிந்தால், அடுத்துவரும் பக்கங்களைக் கேட்பதற்கு முன்னரே கெர்னல் கொணர்ந்து வைக்கும். பழைய இடைமுகமான 'ரீட்-பேஜஸ்', பதுக்ககத்தில் இன்னும் சேர்க்கப்படாத பக்கங்களின் பட்டியலைக் கோப்பு முறைமையிடம் கொடுத்தது. ஒவ்வொன்றையும் பட்டியலிலிருந்து எடுப்பது, பதுக்ககத்தில் சேர்ப்பது, அதற்குள் வேறொரு நிரல் அதே இடத்தில் பக்கத்தைச் சேர்த்திருந்தால் தன்னுடையதை விடுவிப்பது, பின்னர் படிப்பைத் தொடங்குவது ஆகிய யாவும் கோப்பு முறைமையின் கடமைகள்.

2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.8ஆம் பதிப்பில் மேத்யூ வில்காக்ஸ் கொணர்ந்த 'ரீட்-அஹெட்' இடைமுகம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. பக்கங்களைப் பொதுநிரலே பதுக்ககத்தில் சேர்த்துப் பூட்டி, அதன் பின்னரே கோப்பு முறைமையை அழைக்கிறது. கோப்பு முறைமை செய்ய வேண்டியது, தன்னிடம் தரப்பட்ட தொடர்ச்சியான பகுதிக்கு வட்டிலிருந்து படிக்கும் வேலையைத் தொடங்குவது மட்டுமே. இப்புதிய செயற்கூறு எந்த மதிப்பையும் திருப்பித் தருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. முன்படிப்பு ஓர் ஊகம். அது தோற்றாலும் தேவைப்படும்போது அப்பக்கம் மீண்டும் படிக்கப்படும். பழைய செயற்கூறு பிழைமதிப்பைத் தந்தபோதிலும் அழைத்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எவரும் கேளாத விடையைத் தரும் கடமையும் இம்மாற்றத்தால் நீங்கிற்று. கோப்பு முறைமைகள் யாவும் மாற்றப்பட்ட பின், 2022 மே மாதம் வெளிவந்த 5.18ஆம் பதிப்பில் பழைய இடைமுகம் நீக்கப்பட்டது.

5. ஐயோமேப்: கேள்வியைச் சுருக்குதல்

இரண்டாம் பகுதியில் கண்ட ஏழு படிகளில் கோப்பு முறைமைக்கே உரியது 'இத்தரவுக்கு வட்டில் இடம் எங்கே?' என்னும் வினாவுக்கு விடை கூறுவது. அவ்வினாவை மட்டும் அதனிடம் கேட்டு, ஏனையவற்றைப் பொதுநிரலே செய்தால் என்ன என்பதே ஐயோமேப் என்னும் அடுக்கின் கருத்து. எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் வளர்ந்த இக்கருத்தைக் கிறிஸ்டோஃப் ஹெல்விக் பொதுவாக்கினார். 2016 அக்டோபரில் வெளிவந்த 4.8ஆம் பதிப்பில் அது கெர்னலில் இடம்பெற்றது.

ஐயோமேப்பில் கோப்பு முறைமை ஒரு தொடக்கநிலையையும் நீளத்தையும் பெற்றுக்கொண்டு, அப்பகுதி வட்டில் எங்கே உள்ளது, எத்தனை தொலைவு தொடர்ச்சியாக உள்ளது, எவ்வகையானது என்பவற்றைத் தெரிவிக்கிறது. வகை என்பது இடம் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டும் எழுதப்படாதது, ஒதுக்கீடு தள்ளிவைக்கப்பட்டது, வெற்றிடம் முதலியனவாக அமையும். பக்கத்தைத் தேடுதல், பூட்டுதல், பகுதி எழுத்துக்குப் பழைய தரவைக் கொணர்தல், குறைபட்ட படியெடுப்பைக் கையாளுதல் ஆகியன பொதுநிரலின் பணிகளாகின்றன.

இதனால் வேகமும் கூடுகிறது. 1 எம்பி தரவை ஒரே அழைப்பில் எழுதும்போது, பழைய முறையில் 256 பக்கங்களுக்கும் 256 முறை கோப்பு முறைமை அழைக்கப்படும். வட்டில் அப்பகுதி தொடர்ச்சியாக இருந்தால், ஐயோமேப்பில் ஒரே ஒரு முறை கேட்டால் போதும். ஆனால் இப்பயன் இரண்டாம்நிலையினதே. குறைபட்ட படியெடுப்புக்கான விதி ஓரிடத்தில் சரியாக எழுதப்பட்டால், ஐயோமேப்பைப் பயன்படுத்தும் கோப்பு முறைமைகள் அனைத்திலும் அது சரியாகிறது என்பதே தலையாய பயன்.

6. ஃபோலியோ: ஐயத்தைப் பெயரால் நீக்குதல்

கெர்னல் சில வேளைகளில் அடுத்தடுத்துள்ள பல பக்கங்களை ஒரே கூட்டாகக் கையாளும். அக்கூட்டில் முதற்பக்கம் தலைப்பக்கம் எனவும், ஏனையவை வால்பக்கங்கள் எனவும் வழங்கப்படும். பூட்டு, பிடி எண்ணிக்கை முதலிய செய்திகள் தலைப்பக்கத்தில் மட்டுமே செல்லத்தக்கவை. ஆனால் தனிப்பக்கம், தலைப்பக்கம், வால்பக்கம் ஆகிய மூன்றையும் 'ஸ்ட்ரக்ட் பேஜ்' சுட்டு ஒன்றே குறித்தது. ஒரு செயற்கூறு அத்தகைய சுட்டைப் பெறும்போது, தான் பெற்றது மூன்றில் எது என்பதை அறியாது. ஆகையால் பிடியைக் கூட்டும் செயற்கூறு, பூட்டைத் திறக்கும் செயற்கூறு எனப் பலவும் 'இது வால்பக்கமா?' என ஒவ்வொரு முறையும் தமக்குள் சோதித்து, தலைப்பக்கத்தைத் தேடிச் சென்றன. சோதிக்க மறந்த இடங்களில் பிழைகள் நேர்ந்தன.

மேத்யூ வில்காக்ஸ் இதற்குக் கண்ட தீர்வு புதியதொரு தரவு வகை. அதற்கு ஃபோலியோ எனப் பெயரிட்டார். ஃபோலியோ ஒருபோதும் வால்பக்கமாக இராது என்பதே அதன் வரையறை. அது ஒரு பக்கமாகவோ, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்ணிக்கையிலான தொடர்பக்கங்களாகவோ இருக்கலாம். சுவடிகளைப் பட்டியலிடுவோர்க்கு இச்சொல் புதிதன்று. ஃபோலியோ என்பது ஏட்டைக் குறிக்கும் கலைச்சொல். ஓர் ஏட்டிற்கு முன்னும் பின்னுமாக இரு பக்கங்கள் இருப்பினும் எண் ஏட்டிற்கே இடப்படுகிறது. ஏட்டை எடுத்தால் இரு பக்கங்களும் சேர்ந்தே வருகின்றன. கெர்னலிலும் அவ்வாறே, பூட்டும் எண்ணிக்கையும் ஃபோலியோ என்னும் முழு அலகிற்கு உரியன.

2022 ஜனவரியில் வெளிவந்த 5.16ஆம் பதிப்பில் ஃபோலியோ இடம்பெற்றது. ஒரு செயற்கூறு ஃபோலியோவைக் கேட்கிறது என்றால், வால்பக்கமா என்ற சோதனைக்கு அங்கு இடமில்லை. தவறான வகையைக் கொடுத்தால் நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டிவிடும். மனிதர் நினைவில் வைத்திருந்த விதி, மொழியின் வகையமைப்பிற்குள் சென்றுவிட்டது. 5.18ஆம் பதிப்பில் எக்ஸ்.எஃப்.எஸ். பெரிய ஃபோலியோக்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. 64 கேபி அளவுள்ள ஒரு ஃபோலியோவால், 16 பக்கங்களுக்கு 16 முறை செய்த பட்டியல் மேலாண்மை ஒரு முறையாகக் குறைகிறது. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில், நினைவகப் பக்கத்தைவிடப் பெரிய பிளாக் அளவுள்ள எக்ஸ்.எஃப்.எஸ். வட்டுகளையும் கெர்னலால் கையாள முடிந்தது. பதுக்ககத்தின் அலகு ஒரு பக்கமே என்னும் கட்டுப்பாடு நீங்கியதாலேயே இது இயன்றது.

7. பொதுப்பூட்டு: விடுபட்டவர்க்கும் பாதுகாப்பு

எளிமையாக்கத்திற்கும் தரவுப் பாதுகாப்பிற்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டுவது, கோப்பின் நடுவில் துளையிடும் செயல். ஒரு கோப்பின் இடைப்பகுதியை நீக்கி அதன் வட்டிடத்தை விடுவிக்குமாறு நிரல் கேட்கலாம். கெர்னல் முதலில் அப்பகுதியின் பக்கங்களைப் பதுக்ககத்திலிருந்து நீக்கும்; பின்னர் வட்டின் பிளாக்குகளை விடுவிக்கும். இவ்விரு படிகளுக்கும் இடையே, அக்கோப்பை நினைவகத்தில் இணைத்து வைத்திருக்கும் மற்றொரு நிரல் அதே பகுதியைத் தொட்டால், நீக்கப்பட்ட பக்கம் மீண்டும் பதுக்ககத்திற்குள் வந்துவிடும். அப்பக்கம் சுட்டுவது விடுவிக்கப்படவிருக்கும் பிளாக்கை. அந்தப் பிளாக் வேறொரு கோப்பிற்கு ஒதுக்கப்பட்ட பின் பழைய பக்கம் வட்டிற்கு எழுதப்பட்டால், தொடர்பே இல்லாத ஒரு கோப்பின் தரவு அழிகிறது.

இவ்விடரை ஈ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ்., எஃப்2எஃப்.எஸ். முதலியன தத்தமக்கெனத் தனிப்பூட்டு வைத்துத் தடுத்திருந்தன. பூட்டின் பெயரும் இடமும் வேறுவேறாயினும் நோக்கம் ஒன்றே. செஃப், சிஃப்ஸ் போன்றவற்றில் அத்தகைய தடுப்பு இல்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த 5.15ஆம் பதிப்பில் யான் காரா இப்பூட்டைக் கோப்பின் பதுக்கக அட்டவணைக்கே உரியதாக்கினார். பக்கத்தைப் பதுக்ககத்திற்குள் கொணரும் பொதுநிரல் அப்பூட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. துளையிடும் கோப்பு முறைமை, தன் இரு படிகளும் முடியும் வரை அதே பூட்டைத் தன்வசம் வைத்திருந்தால் போதும். தனிப்பூட்டு வைத்திருந்தவை அதைக் கைவிட்டன. வைத்திராதவற்றிலும் பாதுகாப்பு ஏற்பட்டது. செஃப், சிஃப்ஸ் ஆகியவற்றின் குறைபாடு அதே மாற்றத்தொடரிலேயே திருத்தப்பட்டது. நிரல் குறைந்ததும் பிழை நீங்கியதும் ஒரே செயலின் இரு விளைவுகள்.

8. எழுத்துத் தோல்வியை அறிவித்தல்

பதுக்ககத்திலிருந்து வட்டிற்கு எழுதும்போது வட்டு பழுதானால் என்ன நிகழும்? எழுதிய நிரல் அப்போது வேறு வேலையில் இருக்கலாம். பின்னர் அது 'எஃப்-சிங்க்' என்னும் அழைப்பால் தன் தரவு பதிந்ததா எனக் கேட்கும்போதுதான் தோல்வியை அறிய இயலும். பழைய அமைப்பில் கோப்பின் அட்டவணையில் ஒரு பிழைக்கொடி ஏற்றப்படும். முதலில் கேட்பவருக்குப் பிழையை அறிவித்துவிட்டு அக்கொடி இறக்கப்படும். ஒரே கோப்பை இரு நிரல்கள் எழுதியிருந்தால், இரண்டாவதாகக் கேட்டவருக்கு 'வெற்றி' என்ற விடையே கிடைக்கும்.

2017 செப்டம்பரில் வெளிவந்த 4.13ஆம் பதிப்பில் ஜெஃப் லேட்டன் இக்கொடிக்கு மாற்றாக வரிசையெண் கொண்ட ஒரு பதிவை அமைத்தார். ஒவ்வொரு கோப்புத் திறப்பும் தான் கடைசியாகக் கண்ட எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறது. புதிய பிழை நேர்ந்திருந்தால் அனைவரும் அதைத் தனித்தனியே அறிகின்றனர். பிழை அறிவிக்கும் முறை கோப்பு முறைமைகளிடமிருந்து பொதுநிரலுக்கு நகர்ந்தது.

எனினும், பொதுவாக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் எழுப்பிய சிக்கல் உணர்த்தியது. எஃப்-சிங்க் தோற்றால் மீண்டும் அழைக்கலாம். இரண்டாம் முறை வெற்றி கிடைத்தால் தரவு பதிந்துவிட்டது என அத்தரவுத்தளம் கருதிவந்தது. கெர்னலோ, எழுத்துத் தோற்ற பக்கத்தின் 'திருத்தப்பட்டது' என்னும் குறியை நீக்கிவிடுகிறது. ஆகவே இரண்டாம் அழைப்பில் எழுதுவதற்கு எதுவுமில்லை; விடை 'வெற்றி' என்றே வரும்; தரவோ வட்டில் இல்லை. 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தங்களிலிருந்து போஸ்ட்கிரெஸ், எஃப்-சிங்க் தோற்றால் தன் இயக்கத்தை நிறுத்தி, முன்பதிவேட்டிலிருந்து மீளும் வழியை இயல்பாக்கிற்று.

2020இல் யூசெனிக்ஸ் ஆண்டுத் தொழில்நுட்ப மாநாட்டில் வெளியான விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு இச்சிக்கலின் மற்றொரு முகத்தைக் காட்டியது. எழுத்துத் தோற்ற பின் ஈ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். ஆகியன பதுக்ககத்தில் புதிய தரவையே வைத்திருக்கின்றன, பி.டி.ஆர்.எஃப்.எஸ். வட்டிலுள்ள பழைய நிலைக்குத் திரும்புகிறது. அறிவிக்கும் முறை பொதுவாகிவிட்டது. தோல்விக்குப் பின் பதுக்ககத்தில் எது இருக்க வேண்டும் என்னும் விதி பொதுவாகவில்லை. பொறுப்பு பிரிந்து கிடக்கும் அவ்விடத்திலேயே பயன்பாட்டு நிரல்கள் இன்றும் இடறுகின்றன.

9. எளிமையாக்கத்தின் விலை

இம்மாற்றங்கள் விலையின்றி வரவில்லை. முதலாவதாக, பொதுநிரலில் நேரும் பிழை, அதைச் சார்ந்த எல்லாக் கோப்பு முறைமைகளையும் ஒருங்கே தாக்கும். முன்பு ஒரு கோப்பு முறைமையின் பிழை அதன் பயனர்களோடு நின்றது. இதை ஈடுசெய்ய, பல கோப்பு முறைமைகளின் மீதும் ஒரே சோதனைத் தொகுப்பை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாததாகிறது.

இரண்டாவதாக, மாறும் காலம் நீண்டது. ஐயோமேப் 2016இல் வந்தும் பஃபர் ஹெட் கட்டுரு கெர்னலிலிருந்து மறையவில்லை. பழையதும் புதியதும் அருகருகே வாழும் காலத்தில், படிப்பவர் இரண்டையும் கற்க வேண்டும். அக்காலத்தில் சிக்கல் கூடவே செய்கிறது. ரீட்-பேஜஸ் இடைமுகத்தைப் போலப் பழையதை முற்றாக நீக்கும்போதே எளிமையாக்கம் நிறைவெய்துகிறது.

மூன்றாவதாக, உண்மையான வேறுபாடுகளைப் பொதுமையால் மறைக்க இயலாது. ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையில், கோப்பின் தரவையும் பதிவேட்டில் எழுதும் முறை ஒன்று உண்டு, பி.டி.ஆர்.எஃப்.எஸ். ஒவ்வொரு எழுத்தையும் புதிய இடத்தில் செய்து சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிடுகிறது. இத்தகையவற்றைப் பொது அடுக்கில் திணித்தால், அந்த அடுக்கே விதிவிலக்குகளின் தொகுப்பாகிவிடும். எது பொதுவானது, எது தோற்றத்தால் மட்டும் ஒத்திருப்பது என்பதைப் பிரித்தறிவதே வடிவமைப்பாளரின் கடினமான பணி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பக்கப் பதுக்ககக் கையாளுகையில் கோப்பு முறைமைக்கே உரிய வினா, தரவு வட்டில் எங்குள்ளது என்பதாகும். தேடல், பூட்டு, நிலைக்குறி ஆகியவை பொதுநிரலுக்கு உரியன. ஐயோமேப்பும் ரீட்-அஹெட் இடைமுகமும் இவ்வெல்லையை வரைந்தன.

நிரலாளரின் நினைவை நம்பியிருந்த விதியைத் தரவு வகைக்குள் கொணர்வது உறுதியான எளிமையாக்கம். ஃபோலியோ அதற்குச் சான்று. பொருளிழந்த வேறுபாட்டை நீக்குவதும் அதே அளவு பயனுடையது என்பதற்குப் பேஜ்-கேஷ்-சைஸ் மாறிலியின் நீக்கம் சான்று.

ஒரே விதியைப் பலர் தனித்தனியே காக்கும்போது, காக்க மறந்தவரின் பயனர்களே இழப்பைச் சுமக்கின்றனர். துளையிடலுக்கான பொதுப்பூட்டு அவ்விழப்பைத் தடுத்தது. எழுத்துத் தோல்விக்குப் பின் பதுக்ககத்தின் நிலை குறித்த விதி இன்னும் பொதுவாகாததால், அங்கு இடர் நீடிக்கிறது.

இயக்க அமைப்பைக் கற்பிக்கும் விரிவுரையாளர்கள், பதுக்ககம் எவ்வாறு வேகத்தைக் கூட்டுகிறது என்பதோடு மூன்று வினாக்களையும் மாணவர் முன் வைக்கலாம்: இவ்விதியைக் காப்பவர் யார்? அவர் மறந்தால் இழப்பவர் யார்? அவர் மறக்கவே இயலாதவாறு இடைமுகத்தை அமைக்க முடியுமா? கெர்னலின் மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் எவரும் படிக்கத் திறந்திருப்பதால், இவ்வினாக்களுக்கான விடைகளை மாணவர்கள் மூலத்திலிருந்தே தேடி அறியலாம். தோல்விக்குப் பின் பதுக்ககத்தில் எது நிற்க வேண்டும் என்னும் தீராத வினா, அவர்களுள் ஒருவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களமாகும்.